மூச்சு வாங்கும் இடம்

எங்கள் பக்கத்தில் 'மூச்சுக் காட்டாதே' என்றால் வாயைத் திறக்காதே என்று பொருள். ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இருக்கும்போது, அப்பாவும் சித்தப்பாவும் பாகப்பிரிவினை பேசும்போது அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். பத்து வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தபோது அதே சொல் வேறொரு வேலை செய்தது. சரளி வரிசையில் நான்கு ஸ்வரத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வாத்தியார் சுருதிப்பெட்டியை நிறுத்தினார். "நீ மூச்சு வாங்கறது எனக்குக் கேக்கப்படாது. மூச்சக் காட்டாம பாடு" என்றார்.

அவர் சொன்னது சரியான பாடம். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே ஸ்வரம் உடையும், சொல் உடையும், தாளம் தள்ளாடும். ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் பிரித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

என் மாணவிகள் அடிக்கடி கேட்பதுண்டு: "அம்மா, கச்சேரிப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் தொண்டையில என்ன வித்தியாசம்?" கமகம், பாவம், சுருதி என்று புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொல்லலாம். அதைவிட எளிதான சோதனை ஒன்று இருக்கிறது. பாடுகிறவள் எங்கே மூச்சு வாங்குகிறாள், அந்த மூச்சை என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். கச்சேரிப் பாட்டில் மூச்சை மறைக்க வேண்டும். திரைப்பாட்டில் அதை அழகாக்கிக் காட்ட வேண்டும். நடவு வயலில் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மூன்றும் தொழில்நுட்பம்தான். மூன்றில் ஒன்றை மட்டும் 'சங்கீதம்' என்றும், ஒன்றை 'சினிமா' என்றும், மற்றொன்றை 'கத்தல்' என்றும் நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

'கத்தல்' என் வீட்டுச் சொல். குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அப்பாயி நடவுக்குப் போனவர், பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர். வீட்டில் சங்கீதம் என்று ஒன்றைக் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்ட முதல் பெண் நான். முதல் நாள் நான் வாய் திறந்து 'ஸ' என்றதும் வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வயக்காட்டுல கூப்பிடறாப்பல இருக்கு. கத்தாதே, பாடு." அதில் சாதி இருந்தது என்று பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு அது குரலைப் பற்றிய குறிப்பாகத்தான் கேட்டது.

பிறகு கட்டை விவகாரம். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது ஆர்மோனியம் வந்த பிறகு வந்த வழக்கம். வெள்ளைக் கட்டைகளில் முதலாவது ஒரு கட்டை, ஐந்தாவது ஐந்து கட்டை. கர்நாடக இசையில் சுருதி பாட்டுக்கு உரியதல்ல, பாடுகிறவருக்கு உரியது. தோடியை ஒருவர் ஒரு கட்டையில் பாடலாம், இன்னொருவர் ஆறு கட்டையில் பாடலாம். தோடி தோடிதான். மேற்கத்திய செவ்வியல் இசையில் இயற்றியவரே சுருதியை எழுதிக் கொடுத்துவிடுகிறார். இங்கே அப்படி இல்லை. உன் உடம்பு எங்கே வசதியாக நிற்கிறதோ அதுவே உன் ஆதார ஷட்ஜம். கொள்கை அளவில் இதைவிட ஜனநாயகமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறு எந்த இசையிலும் இல்லை.

நடைமுறையில் 'பொம்பளைக் குழந்தைக்கு அஞ்சரைக் கட்டை' என்று முடிவாகியிருந்தது. என் குரல் மூன்று கட்டையில் நிற்கிற குரல். அதை வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளைக் குரல் மாதிரி கேக்கும்" என்றார். ஐந்தரைக் கட்டையில் மேல் ஷட்ஜத்துக்கு மேலே போகும்போது என் குரல் தானாகக் கள்ளக்குரலுக்கு மாறிவிடும். அதுவும் கூடாது. நாபியிலிருந்து வருகிற நிஜக்குரலில்தான் பாட வேண்டும். உயரவும் வேண்டும், கள்ளக்குரலும் கூடாது, கத்தவும் கூடாது, மூச்சும் தெரியக் கூடாது. ஆறு வருடம் அப்படிப் பாடினேன். பதினாறாவது வயதில் ஒரு மார்கழியில் குரல் கட்டிக்கொண்டது, தை முடிந்தும் திறக்கவில்லை. குரல்நாணில் சிறு முடிச்சு என்றார் தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர். மூன்று மாதம் பேசாமல் இருக்கச் சொன்னார். வீட்டில் யாருக்கும் அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை என்பதை வேடிக்கையாகவே சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் பாட்டு வகுப்புக்குப் போகவில்லை.

இதைச் சொல்வது கர்நாடக இசையின் மேல் வழக்குப் போடுவதற்காக அல்ல. அந்த இசையின் நுட்பம் எதைக் கேட்கிறது, அதன் பேரில் சமூகம் எதைக் கேட்கிறது என்ற இரண்டையும் பிரிக்கத்தான். நுட்பம் கேட்பது: மூன்று காலத்திலும் பிசகாத அகாரம், மந்திர ஸ்தாயி சாதகம், அசைவின் துல்லியம். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. அசையாமல் நின்றால் அது தோடி இல்லை. இதற்கு உயரமான குரல் தேவையில்லை, இனிமையான குரல்கூடத் தேவையில்லை. டி.கே. பட்டம்மாளின் குரல் கனமானது, தாழ்ந்தது. ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்தாக இருந்த காலத்தில் அவர் கடினமான தாளங்களில் பல்லவி பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் வந்தது. நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் ஒரு பெண் மேடையில் உட்கார்ந்து, அந்த நிமிடத்தில், தானே யோசித்து, ஆயிரம் பேர் பார்க்க முடிவெடுக்கிறாள். அடுத்து எங்கே போகப் போகிறாள் என்று பக்கத்தில் இருக்கிற ஆண் வித்வான்களுக்குத் தெரியாது. அவள் பின்னால்தான் அவர்கள் வர வேண்டும். தமிழ்ப் பெண்ணுக்கு இப்படி ஒரு இடம் வேறெங்கே இருந்தது?

ஆனால் அந்த இடத்துக்கு விலை இருந்தது. உடம்பு அசையக் கூடாது, முகம் கோணக் கூடாது. ஆண் வித்வான் தொடையில் அறைந்து, கையை வீசி, முகத்தை எட்டுக் கோணலாக்கிப் பாடலாம். அது 'ஈடுபாடு'. பெண் செய்தால் 'சேஷ்டை'. மேடையில் பெண் குரல் உடம்பில்லாத குரலாக எப்படி ஆக்கப்பட்டது என்பதை அமெரிக்க மானுடவியலாளர் அமாண்டா வைட்மன் 2006இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பின்னணிப் பாடகிகளைப் பற்றி 2021இல் இன்னொரு நூலும் எழுதினார். அவர் மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் நின்று கேட்கிறார். நான் வரப்பிலிருந்து கேட்கத் தொடங்குகிறேன்.

வரப்புக்குப் போவதற்கு முன் ஒலிவாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வருவதற்கு முன் பொது இடத்தில் பாடிய எல்லோரும் தூரத்துக்குப் பாட வேண்டியிருந்தது. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும். 1908இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் அந்தக் கொட்டகையில் உருவான குரல். உச்ச ஸ்தாயியில் தொண்டை நிறையப் பாடுவார். அங்கே குரல் மெலியாது, விரியும். ஒலிவாங்கி வந்ததும் பாடகியின் வாய்க்கும் கேட்கிறவர் காதுக்கும் நடுவே இருந்த தூரம் இல்லாமல் போனது. மெல்லப் பாடினாலும் போதும். இது விடுதலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். கனத்த குரல், மெலிந்த குரல், தாழ்ந்த குரல் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. மெல்லப் பாட முடியும் என்பது, பெண் மெல்லத்தான் பாட வேண்டும் என்று ஆனது.

சுந்தராம்பாளுக்குத் திரையில் கிடைத்த வேடங்களைப் பாருங்கள். 1935இல் 'நந்தனார்'. ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று இன்றும் வியந்து பேசப்படுகிற படம். அதில் அவர் ஆண். 1953இல் 'ஔவையார்', 1965இல் 'திருவிளையாடல்', இரண்டிலும் ஔவை. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. காரைக்கால் அம்மையார் எங்கள் டெல்டாவின் கடைசிக் கரையில் பிறந்தவர், உடம்பின் சதையை உதறிப் பேயுருவை வாங்கிக்கொண்ட பிறகே ஆலங்காட்டில் பாடியவர். கவிதை எழுதுகிற எனக்கு அவர் மூத்த அக்கா. ஆனால் படத்தில் இளம் புனிதவதிக்கு ஒரு நடிகை, பேயுருவுக்குச் சுந்தராம்பாள் என்பதை யோசித்தால் கணக்குப் புரிந்துவிடுகிறது. தொண்டை நிறையப் பாடும் குரல் ஆணுக்குப் பொருந்தும், கிழவிக்குப் பொருந்தும், பேய்க்குப் பொருந்தும். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கு பழைய காலத்தோடு முடியவில்லை. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் வந்தார். மதுரைப் பக்கத்துப் பரவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்தில் வந்தார். இருவரும் கேட்டாலே முதுகு நிமிர்கிற குரல்கள். இருவரும் பாட்டி வேடத்தில் வந்தார்கள். இதே குரலில் பாடுகிற இருபது வயதுப் பெண்கள் அந்த ஊர்களில் இல்லையா? இருந்தார்கள். கதாநாயகி அந்தக் குரலில் பாடியதில்லை, அவ்வளவுதான்.

கதாநாயகியின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் சொல்வார்கள். ஜோடிப் பாட்டில் இருவருக்கும் ஒரே சுருதி. ஆணுக்கு வசதியான சுருதி தீர்மானமானதும் பெண் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பாட வேண்டும். நடுவே எங்காவது சந்திக்கலாமே என்று கேட்டால் பாட்டு நிற்காது என்பார்கள். இப்படி மேலே போகும்போது நிஜக்குரலின் கனத்தைக் குறைத்து, தலையில் ஒலிக்கிற மெல்லிய குரலுக்கு நகர வேண்டும். பி. சுசீலா இதைச் செய்த விதம் அபாரம். குரல் மெலிந்தும் சொல் மங்கவில்லை. தமிழின் ழகரமும் றகரமும் திரைப்பாட்டில் பிழைத்திருப்பதற்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது அவருக்கு வந்தது நியாயம். ஆனால் அவருடைய தனித் திறமை அடுத்து வந்த எல்லாப் பெண்களுக்கும் சட்டமானது. அழகு என்றால் மெலிவு, நல்ல பெண் என்றால் மேல் ஸ்தாயி.

சட்டத்துக்கு வெளியே எல்.ஆர். ஈஸ்வரி இருந்தார். சிரிப்பு, விக்கல், கரகரப்பு, நெஞ்சிலிருந்து எழுகிற அதட்டல் எல்லாம் அவருடைய பாட்டுக்குள் இருந்தன. 1961இல் 'பாசமலர்' படத்தில் அவர் பாடிய தோழிப் பாட்டு இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு அதிகம் கிடைத்தவை கிளப் நடனக்காரியின் பாட்டுகள், குறத்தியின் பாட்டுகள், கெட்டவள் பாட்டுகள். பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. ஆடி பிறந்தால் புன்னைநல்லூரிலிருந்து எங்கள் ஊர்க் கோடி மாரியம்மன் வரை எல்லாக் கோயில் கூம்பு ஒலிபெருக்கியிலும் அவர் குரல்தான். கஞ்சி காய்ச்சுவதும் அந்தக் குரலில், தீ மிதிப்பதும் அந்தக் குரலில். கெட்டவளுக்குக் கொடுத்த குரலைத்தான் அம்மனுக்கும் கொடுத்தார்கள். ஆண், கிழவி, பேய், கெட்டவள், சாமி. இவர்கள் தொண்டை நிறையப் பாடலாம். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அந்தக் குரல் இல்லை.

இன்றைய பாட்டு இதையெல்லாம் உடைத்துவிட்டது என்று என் மாணவிகள் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை. 1992இல் 'ரோஜா' வந்த பிறகு குரல்களின் நிறம் பெருகியது. தாழ்ந்த பெண் குரல்கள் வந்தன. நாலு கட்டையில் கச்சேரி செய்யும் பெண்களும் இப்போது இருக்கிறார்கள். ஆனால் இன்று பெண் குரலின் பிரதான நுட்பம் மூச்சு கலந்த கிசுகிசுப்பு. ஒலிவாங்கி உதட்டுக்கு ஓர் அங்குலத்தில் இருக்கிறது. ஸ்வரத்தைவிட முன்னால் காற்று வருகிறது. வாத்தியார் மறைக்கச் சொன்ன மூச்சு இங்கே நகைபோல் அணிவிக்கப்படுகிறது. இது விடுதலையா? கேட்கிறவனின் காதோரம் வந்து சொல்கிற குரலாக அது இருக்கிறது. அந்த மூச்சு களைத்த மூச்சு அல்ல. களைத்த மூச்சை எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள்.

போன வருடம் எங்கள் கல்லூரிப் பொங்கல் விழாவில் ஒரு மாணவி பாடிக்கொண்டிருந்தாள். செல்போனில் பதிவு செய்து பாடிப் பழகியவள். நல்ல காது, நல்ல சுருதி. பாதிப் பாட்டில் மின்சாரம் போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை, தைரியமாகப் பாடினாள். ஆனால் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. சிறிது நேரம் பாடிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். ஐந்தரைக் கட்டையில் நான் நின்ற முகம் அது. இரண்டு எதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் நின்றோம்: கருவி இல்லாமல் தன் குரல் எது என்று தெரியாத இடத்தில்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. 1997இல் வந்தது ஆட்டோட்யூன். இப்போது அதைப் போன்ற மென்பொருள்கள் இல்லாத ஒலிப்பதிவுக் கூடம் அரிது. அது குரலைப் பிடித்துப் பக்கத்தில் இருக்கும் ஸ்வரத்தானத்தில் உட்கார வைக்கிறது. தோடிக் காந்தாரத்தின் அசைவை அப்படியே அதன் கையில் கொடுத்தால் பிழை என்று நினைத்து நேராக்கப் பார்க்கும். அப்பாயியின் குரலைக் கொடுத்தால் என்ன செய்யும்? அவர் பிடிக்கிற ஸ்வரங்களில் சில அந்தப் பன்னிரண்டு வீட்டில் எதிலும் குடியிருப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் செவ்வியல் பாடகியும் நடவுக்காரியும் ஒரே பக்கம். இருவருடைய உயிரும் இரண்டு ஸ்வரத்துக்கு இடையில் இருக்கிறது.

இனி வயல். முனைவர் பட்டத்துக்காக வெண்ணாற்றுப் படுகையில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்தேன். டேப் ரெக்கார்டர், அறுபது நிமிட கேசட்டுகள். ஆய்வேட்டில் சொற்களை எழுதினேன், உவமைகளை வகைப்படுத்தினேன், உறவுப் பெயர்களை அட்டவணை போட்டேன். 'இருமல், சிரிப்பு, இடைநிறுத்தம் ஆகியன நீக்கப்பட்டுள்ளன' என்று முன்னுரையில் ஒரு வரி. அன்றைக்கு அது ஆய்வு நேர்த்தி. நம் நாட்டார் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. சொல் இருக்கும், பாடிய விதம் இருக்காது. நடவுக்காரிக்கு 'உணர்ச்சி' உண்டு, 'வாய்மொழி மரபு' உண்டு, நுட்பம் மட்டும் கிடையாது என்று நாமே தீர்மானித்துவிட்டோம்.

குனிந்து நடுகிற உடம்பை நினைத்துப் பாருங்கள். அடிவயிறு மடிந்திருக்கிறது. நாபியிலிருந்து பாடு என்றால் அங்கே விரிய இடமில்லை. அதனால் வரி குறுகியது. இடது கையில் நாற்றுமுடி, வலது கை பிரித்து ஊன்றுகிறது. தாளம் அந்தக் கையில் இருக்கிறது. ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள், மற்றவர்கள் வாங்குகிறார்கள். அவர்கள் வாங்கிப் பாடுகிற நேரம்தான் எடுத்தவள் மூச்சு வாங்குகிற நேரம். அவள் மூச்சை மறைக்க வேண்டியதில்லை, அதற்கு மேல் பத்துக் குரல் மூடுகிறது. சுருதியை யாரும் கொடுப்பதில்லை. அன்றைக்கு எடுத்தவளின் உடம்பு எதுவோ அதுவே சுருதி, நாளைக்கு வேறொருத்தி எடுத்தால் மாறும். வேகமும் அவள் கையில்தான். வரப்பில் நிற்கிறவர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று சத்தம் போட்டால் பாட்டை இழுத்துவிடுவோம் என்று ஒரு பெரியம்மா எனக்குச் சொன்னார். இழுத்தால் கையும் மெதுவாகும். யாரையும் எதிர்த்து ஒரு சொல்லும் பேசியதாக ஆகாது.

பிறகு குலவை. நாவை வாய்க்குள் சுழற்றி உச்சக் குரலில் எழுப்புகிற ஒலி. அது முழுக்க முழுக்க, என் வாத்தியார் அடித்துத் திருத்த நினைத்த கள்ளக்குரல். நிஜக்குரலில் பாடிக்கொண்டிருக்கிறவள் ஒரு நொடியில் அங்கே தாவித் திரும்பி வருகிறாள். தாவுகிற இடத்தில் விரிசல் கேட்டால் யாரும் குறை சொல்வதில்லை, அந்த விரிசலில்தான் குலவை கிளம்புகிறது. ஒப்பாரியில் இன்னும் ஒரு படி. அங்கே மூச்சை உள்ளே இழுப்பதே ஒலியாகிவிடுகிறது. விம்மல் வரியின் ஒரு பகுதி. அதை வெட்டினால் எஞ்சுவது நல்ல கவிதை, ஒப்பாரி அல்ல.

வயலைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அப்பாயிக்கு அறுபது வயதில் முதுகு நிமிரவில்லை. என்னைப் பாட்டு வகுப்பில் சேர்க்கச் சொன்னவரே அவர்தான். "இவளாவது உக்காந்து பாடட்டும்" என்றார். உட்கார்ந்து பாடுவது என்பது அவருக்கு ஒரு தொழில்நுட்பச் சொல்லாகவே இருந்திருக்க வேண்டும். இப்போது எங்கள் ஊரில் நடவு இயந்திரம் வருகிறது, வடமாநிலத்து ஆண்கள் கூட்டமாக வந்து நட்டுக் கொடுக்கிறார்கள். சில வயல்களில் நேரடி விதைப்பு. முதுகுகள் தப்பின, கூலியும் போனது, பாட்டும் போனது. எதற்கு அழுவது என்று எனக்கே குழப்பம்.

இன்னொரு ஒற்றுமையைப் பதிவுகளைத் திரும்பக் கேட்டபோது கண்டேன். கச்சேரியிலும் மூச்சு பங்கிடப்படுகிறது. ஆலாபனையில் பாடகி விட்ட இடத்தை வயலின் பிடித்துக்கொள்கிறது. அப்போது அவர் மூச்சு வாங்குகிறார். தம்பூராவுடன் பின்னால் உட்கார்ந்திருக்கிற சிஷ்யை கூடவே பாடி வரியைத் தாங்குகிறாள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ராதா விஸ்வநாதன் பல பத்தாண்டுகள் அப்படித் தாங்கினார். வயலில் நடப்பதுதான் இது. வித்தியாசம், மேடையில் மூச்சு ஒருவருடையதாகக் காட்டப்படுகிறது. பின்னால் பாடியவரின் பெயர் அழைப்பிதழில் இருந்தால் அதிர்ஷ்டம்.

பாட்டு நுட்பம் என்று நினைக்காமல் பெண்ணின் வாக்குமூலம் என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் பழையது. எங்கள் காவிரி கடலில் சேர்கிற புகாரில்தான் அது நடந்தது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியவள். அரங்கேற்று காதை அவளுடைய ஆசான்களின் தகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. கானல்வரியில் கோவலன் முதலில் யாழ் வாங்கிப் பாடுகிறான். அது பாட்டு. பிறகு அவள் பாடுகிறாள். மனத்தில் வேறொன்று வைத்தவள் போலப் பாடினாள் என்றுதான் இளங்கோ சொல்கிறார். அந்தப் 'போல' என்பதுதான் ஏழாண்டுப் பயிற்சி. கோவலனுக்கு அந்தச் சொல் மட்டும் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டான். சிலம்பை வகுப்பில் நடத்தும்போது நான் இந்த இடத்தில் எப்போதும் அதிக நேரம் நின்றுவிடுவேன், பாடத்திட்டம் முடியாது.

திருவையாற்றுக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போது தியாகராஜர் சமாதிக்கு அருகே இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதியைக் காட்டுவேன். 1878இல் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்தவர். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனியின் 'ராதிகா சாந்தவனம்' நூலை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு அதைத் தடை செய்தது. 1920களில் தன் பணத்தைப் போட்டு, சிதைந்து கிடந்த இந்தச் சமாதியைக் கோயிலாகக் கட்டினார். கட்டியவர் அவர், ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாகப் பாடத் தொடங்கினார். 1940 வாக்கில் பிரிந்திருந்த அணிகள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரே ஆராதனை. இன்று தை மாதத்து அந்தக் காலையில் காவிரிக் கரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிற பெண் கூட்டத்தைப் பார்க்கும்போது நான் தூரத்தில் நின்று அவர்கள் வாயைத்தான் பார்ப்பேன். அத்தனை பேரில் யார் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடிக்கிறாள். அங்கே, அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், ஒருமுறை நான் மூன்று கட்டைக் குரலில் கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றக் கொடுத்திருந்தேன். அதில் ஒன்று அப்பாயியுடையது. செய்து கொடுத்த இளைஞர் மிகுந்த அக்கறையோடு வேலை பார்த்திருந்தார். கேட்டால் அப்பாயியின் பாட்டு துடைத்து வைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி இருந்தது. வரிக்கு வரி நடுவே ஒன்றுமே இல்லை, சுத்தமான மௌனம். மறுபடி போனேன். பழையபடி வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"நடுவுல வந்ததெல்லாம் நாய்ஸ் மேடம். எடுத்துட்டேன்."

"அதத் திருப்பிப் போட்டுக் கொடுங்க."

"எதை மேடம்?"

"அவங்க மூச்சு வாங்கறத."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் கோப்பைத் தேடத் தொடங்கினார். நல்ல வேளை, அழிக்கவில்லை.